ரயில் பிரியர்களுக்கென்றே ஒரு புத்தகக் கடை வைத்தால் பிழைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ரயில் ஆர்வலர்களுக்காக மட்டும் சின்னதாக ஒரு புத்தகக் கடை போட்டால் ஓடுமா, எவ்வளவு வரும்?

புதுப் புத்தகத்தை மட்டும் நம்பி இறங்கினால் ஓடாது. பழைய காகிதத்தைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் என்றால் வாடகை, கரண்ட் பில் போக ஏதோ கையில் நிற்கும். வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் கடை பெரம்பூரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. முதலில் சென்ட்ரல் பக்கம்தான் தேடினேன். பழைய புத்தகத்துக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து, அந்த இடத்தில்தான் இன்றைய புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அதன் வாசலில் ரயில் புத்தகம் விற்பது பொருத்தமாக இருக்கும் என்று ஒரு ஆசை. அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் ஆசை தீர்ந்தது. பெரம்பூர் வந்தது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., லோகோ வொர்க்ஸ், கேரேஜ் வொர்க்ஸ் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரம். அயனாவரம், வில்லிவாக்கம் என்று எங்கே திரும்பினாலும் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர்கள். வாங்குகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுவார். பழைய சரக்கைக் கொடுக்கிறவர்தான் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

புதுப் புத்தகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்பவர் 1942இல் அந்தக் கம்பெனியின் இன்ஜின் எண்களைச் சிறு கையேடாகப் போட்டார். அதிலிருந்து அங்கே ஒரு தனிப் பதிப்புத் தொழிலே கிளம்பியது. நம் நாட்டில் அப்படி ஒன்று வளரவில்லை. தமிழில் வந்தவை ஒரு தட்டைக்கூட நிரப்பாது. இறக்குமதிப் படப் புத்தகம் பவுண்டு விலை, அதற்கு மேல் அனுப்பும் செலவு. பதிப்பாளர் தரும் கழிவு என்னவாக இருந்தாலும், ஒரு பிரதி ஒரு வருடம் அலமாரியில் தூங்கினால் லாபம் போச்சு. அதனால் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வரவழைக்கிறேன்.

கடையை ஓட்டுவது பழைய ரயில் டைம் டேபிள் புத்தகங்கள். சிரிக்காதீர்கள், நிஜம். அன்றைக்குக் காலணாவுக்கு மதிப்பில்லாமல் தூக்கிப் போட்ட சமாச்சாரம் என்பதால்தான் இன்று கிடைப்பதில்லை. பெரும்பாலும் அட்டை கிழிந்துதான் வரும், வருடம் தெரியாது. உள்ளே பார்த்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும். சௌத் இந்தியன் ரயில்வே என்று போட்டிருந்தால் 1951 ஏப்ரலுக்கு முந்தையது. அந்த மாதம்தான் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். கட்டணம் அணாவில் இருந்தால் 1957க்கு முன். தனுஷ்கோடி இருந்தால் 1964 டிசம்பர் புயலுக்கு முன். மூன்றாம் வகுப்பு இருந்தால் 1974ஐத் தாண்டாது. வைகை எக்ஸ்பிரஸ் இருந்தால் 1977 ஆகஸ்டுக்குப் பின். ரயில் எண் ஐந்து இலக்கமென்றால் 2010 டிசம்பருக்குப் பிந்தையது, அதற்குப் பெரிய விலை கேட்காதீர்கள். இதெல்லாம் விரல்நுனியில் இருந்தால், எதிரில் ஒருவர் பையைத் திறக்கும்போதே மனதில் விலை ஓடிவிடும்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா வந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர். 1960 வாக்கில் வந்த ஒரு டைம் டேபிளை எடுத்துக் கொடுத்தேன். ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று விரலை இறக்கிக்கொண்டே வந்தவர், "ராமேஸ்வரம் எங்கே சார்?" என்றார். இலங்கைக் கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களுக்கான போட் மெயில் ரயில் அப்போது பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரத்துக்குப் பாம்பனிலிருந்தே தனிக் கிளைப் பாதை. பக்கத்தைத் திருப்பிக் கிளைப் பாதையைக் காட்டினேன். அப்பா ராத்திரி எத்தனை மணிக்கு எந்த வண்டிக்காக எழுந்து போவார் என்பது வரைக்கும் அவருக்கு அந்த அட்டவணையிலேயே கிடைத்துவிட்டது. விலையே கேட்கவில்லை, நானாகச் சொல்லிச் சங்கடப்பட வேண்டியதாயிற்று.

சரக்கு இரண்டு வழியாக வரும். ஒன்று, பழைய பேப்பர் கடை. கடைக்காரரிடம் பழகி, ரயில்வே பெயர் போட்ட எதுவாக இருந்தாலும் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள், எடைக்கு மேல் நாலு காசு கொடுங்கள். இன்னொன்று, ரிட்டையர் ஆனவர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள். அங்கே ஒரு பெட்டி முழுவதையும் வாங்க வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். வாங்கியதைக் கொண்டுவந்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஒரே ஒரு கட்டோடு வந்தால் போதும், கடை முழுக்கப் பரவும். நான் வாசல் பக்கம் தனி பெட்டியில் ஒரு மாதம் போட்டு வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே எடுக்கிறேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இப்படிக் கடை இருக்கிறது என்று தெரிந்ததும் பித்தளை விளக்கு, ஒற்றைப் பாதையில் டிரைவரிடம் கொடுக்கும் டோக்கன் பந்து, இன்ஜின் நம்பர் பிளேட் எல்லாம் கொண்டுவருவார்கள். ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைக் கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருந்தாலே 1966ஆம் வருடச் சட்டப்படி குற்றம், ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். வீடு தேடி வரும். நூலக முத்திரை உள்ள புத்தகத்திலும் கழித்துவிட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வரி விஷயத்தில் தொல்லை குறைவு. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மாடல் ரயில் வைத்தால் உண்டு. தொல்லை தபாலில்தான். பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் ஆடிப்போனோம். 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் என்ற தபால் சேவை வந்தது, 300 கிராமுக்கு ₹20, ஐந்து கிலோ வரைக்கும் ₹100, வரி தனி. புத்தகத்துக்கு நல்ல விலைதான். ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவரும் அச்சுகளை அதில் ஏற்பதில்லை. டைம் டேபிளோ அப்படி வந்த சரக்கு. ஆகவே ஸ்பீட் போஸ்ட், அதன் செலவை விலையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், முதலில் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே ஒரு அலமாரி போதும். கொஞ்சம் டைம் டேபிள் சேர்த்து, நாலு பக்கம் தெளிவாகப் படம் எடுத்து, ரயில் குழுக்களில் விலையோடு போடுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டால் விலையைக் குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை ஏற்றிப் பாருங்கள்.