ஹிட்ச் வாங்கும் முன் பின்பாரத்தைக் குறையுங்கள்

கேள்வி: ஸ்கார்பியோவில் 900 கிலோ கேரவன் டிரெய்லரை இழுக்கிறேன். செங்கல்பட்டு தாண்டி வேகம் 70ஐத் தொட்டதும், ஓர் ஆம்னி பஸ் கடந்தால் போதும், பின்னால் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கிறது. டிரெய்லரைக் காரோடு கோக்கும் ஹிட்சில் எதைப் போட்டால் நிற்கும்? – வேளச்சேரி வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், அதற்கும் பின்னால் இரண்டு சைக்கிள். எல்லாமே அச்சுக்குப் பின்னால். மாட்டு வண்டி ஓட்டியவரைக் கேளுங்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும் என்பார். டிரெய்லருக்கும் அதே கணக்குதான்; பின்பாரம் கூடினால் ஆடும். டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் கப்ளர், கார் ஹிட்சின் இரும்புப் பந்தை அமுக்கும் முன்பாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும்; உங்களுக்கு 90 கிலோ. ஆனால் கப்ளர் தகட்டில் 'எஸ்' என்று பொறித்த அளவைத் தாண்டக் கூடாது. அந்த 900 கிலோ கேட்டலாக் எடையா, பாத்திரம் பண்டத்தோடு சேர்த்தா? சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு வேபிரிட்ஜில் நிறுத்திப் பாருங்கள். முன்பாரத்தை அளக்க, வீட்டு எடை மெஷின்மேல் மரக்கட்டை வைத்துக் கப்ளரை இறக்கினால் போதும்.

பாரத்தைச் சரிசெய்த பிறகும் ஆடினால், பந்தை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள் உள்ள ஸ்டெபிலைசர் கப்ளர் வாங்குங்கள். உங்கள் எடைக்கு அதுவே தாராளம். வாங்கியதும் மெக்கானிக் ஆசையாக கிரீஸ் தடவ வருவார், விடாதீர்கள். கட்டைகள் பிடிப்பதே உராய்வால்தான். பந்தில் பெயின்ட் இருந்தாலும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். 'இம்போர்டட்' என்று இரண்டு அங்குலப் பந்தை நீட்டுவார்கள். அது 50.8 மில்லிமீட்டர்; உங்கள் கப்ளர் 50 மில்லிமீட்டர் பந்துக்கு. 'அட்ஜஸ்ட் ஆகிடும் சார்' என்பார்கள். ஆகாது.

பாரம் சரியாக இருந்தும் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பை இழந்தால் மட்டுமே, இரண்டு கம்பிகள் வைத்து எடையை முன்னே தள்ளும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் தேவைப்படும். அதிலும் ஒரு சிக்கல். உங்கள் டிரெய்லரில் இருப்பது, கார் வேகம் குறைந்ததும் கப்ளர் உள்ளே நழுவிப் பிடிக்கும் பிரேக். இந்தக் கம்பிகள் அந்த நழுவலைத் தடுக்கக்கூடும்; பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. டிரெய்லர் செய்தவர் எழுத்தில் சம்மதம் தராமல் மாட்டாதீர்கள். வாய்வார்த்தை செல்லாது.

இன்னொன்று, வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கும் ஹிட்ச். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. சரி, எதை மாட்டலாம் என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி எங்காவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? ஆர்.டி.ஓ. கவுன்டரில் டிரெய்லர் என்றாலே டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றுவதைத்தான் நினைக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர் பிழைக்கிறார். 'ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரிடம், கார் கம்பெனி அந்த ஹிட்சுக்குக் கொடுத்த தாளை முதலில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் போன் கட்டாகிவிடும்.

அதுவரை 60ஐத் தாண்ட வேண்டாம். ஆட்டம் கண்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். சைக்கிள்களை இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.