பின்வீட்டுக்குச் சோலார் கட்டாயமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமியாருக்காக ஒற்றைப் படுக்கையறையோடு சின்ன வீடு கட்டப்போகிறோம். கலிபோர்னியாவில் இருக்கும் மகன், சோலார் இல்லாமல் பிளான் பாஸ் ஆகாது என்கிறான். இங்கேயும் அப்படியா?

பதில்: இல்லை அம்மா. மகன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே 2020 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குச் சோலார் மின்சாரம் பொதுவாகக் கட்டாயம். தனியாக நிற்கும் சின்ன இரண்டாவது வீடும் அதில் சேரும். பழைய கராஜை வீடாக மாற்றினால் அங்கேயும் தேவையில்லை.

நம் நாட்டு விதி பார்ப்பது வெந்நீரை. 2011இல் வந்த சான்ஸ் 10400-எக்ஸ்ஏ என்ற கட்டட மின்சிக்கனத் தரப்படி, ஆண்டு வெந்நீர்த் தேவையில் பாதியாவது சாதாரண மின் கீசர் இல்லாத வழியில் சூடாக வேண்டும். சோலார் கீசர் அல்லது ஹீட் பம்ப் (சுற்றுக் காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) போதும். பிளானிலேயே அதைக் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல விதி இது. நூறு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 4.6 யூனிட் செலவாகும். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் கரண்ட் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் கீசர்தான். ஹீட் பம்ப் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்துவிடும். அதனால் முதல் காசை வெந்நீருக்குப் போடுங்கள், மின்சாரப் பேனல் அப்புறம் வரட்டும்.

ஆனால் கூரையை இப்போதே யோசிக்க வேண்டும். டர்பனில் பேனலும் சோலார் கீசரும் வடக்கு பார்த்து இருக்க வேண்டும். தமிழ்நாட்டு வீடியோக்களில் தெற்கு என்பார்கள். அது அந்த ஊருக்கு. இன்னொன்று, நிழல். ஜூன் மாத நண்பகலில் இங்கே சூரியன் 37 டிகிரி உயரம்தான் ஏறும். பெரிய வீடு வடக்கே ஆறு மீட்டர் உயரத்தில் நின்றால் அதன் நிழல் தரையில் எட்டு மீட்டர் நீளும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் குளிர்காலத்தில் நெருக்கமாக நிற்கும் சின்ன வீட்டின் கூரை நிழலில் கிடக்கலாம். அப்படியென்றால் ஹீட் பம்ப்பையே எடுங்கள். கூரையில் தொட்டி வைப்பதானால், 150 லிட்டர் தண்ணீரே 150 கிலோ. மரச்சட்டம் அதைத் தாங்குமா என்று கேளுங்கள்.

பிற்பாடு பேனலும் இன்வர்ட்டரும் வைத்து முனிசிபாலிட்டி லைனோடு இணைத்தால், மின்சாரத்தை விற்காவிட்டாலும் ஈதெக்வினியிடம் (டர்பன் முனிசிபாலிட்டி) முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வயரிங் செய்த எலக்ட்ரீஷியனுக்கு, வயரிங் விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சிஓசி சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.