கணவருக்கு ஸ்டாக்ஹோமில் வேலை; என் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு போகலாமா?

கணவர் நவம்பரில் சேர வேண்டும், நீங்கள் பள்ளி ஆசிரியை, குழந்தைக்கு இரண்டு வயது, எல்லோரும் சேர்ந்தே கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2018 அக்டோபரில் நானும் இப்படித்தான் மதுரையிலிருந்து கிளம்பினேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

போகலாம். ஆனால் அவர் போகும்போதே நீங்களும் போக வேண்டாம். அவர் முதலில் போகட்டும், நீங்கள் ஏப்ரலில் போங்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளே பேச நாலு பேர் கிடைத்துவிடுவார்கள். ஃபீக்கா என்று காபி குடிக்கக் கூப்பிடுவார்கள். கூடப் போகிறவருக்கு வீடும் ஜன்னலும்தான். டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்கால் வாக்கில்தான் விடியும், மதியம் மூன்று மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மகளைத் தூங்க வைத்துவிட்டு நானும் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் வெளியே கும்மிருட்டு, மணி மூன்றரை. அம்மாவுக்குப் போன் போட்டால் ஊரில் இரவு எட்டு, சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் நான் அழாத நாள் குறைவு. என் கணவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு அது புரியவே மார்ச் ஆகிவிட்டது.

அப்புறம் பெர்சூன்நும்மர். வரித்துறை தரும் அடையாள எண். ஒரு வருடமாவது தங்கப் போகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். அது வரும்வரை பேங்க்-ஐடி (நாம் யார் என்று போனிலேயே உறுதிசெய்யும் வசதி) கிடையாது, பேங்க்-ஐடி இல்லாமல் ஸ்விஷ் கிடையாது (நம் ஜிபே மாதிரி), போன் இணைப்பு வாங்குவதுகூட இழுபறிதான். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. கல்யாணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் இந்தியாவிலேயே அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ளும் அத்தாட்சி) வாங்கி, அசலைக் கையோடு கொண்டு போங்கள்.

வீட்டைப் பற்றி அவரிடம் இப்போதே பேசுங்கள். நகரத்து வாடகை வீட்டு வரிசையில் பெயர் பதிந்தால் முறை வரப் பல வருடம் ஆகும். அதனால் நம்மவர்கள் முதலில் போவது ஆந்த்ரஹாந்த், அதாவது உள்வாடகை. "இந்த முகவரியை வரித்துறையில் பதிவு செய்யாதீர்கள்" என்று யாராவது சொன்னால் அந்த வீடு வேண்டாம். வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணமும் அனுப்ப வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி இரண்டு மாத வாடகையை இழந்தது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். ஸ்வீடனில் கிட்டத்தட்ட எல்லோருமே இங்கிலீஷ் பேசுவார்கள். அதை நம்பி மொழி படிக்காமல் விட்டவர்கள் ஐந்து வருடம் கழித்தும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஐடி போன்ற சில துறைகள் தவிர பெரும்பாலான வேலைகளுக்கு ஸ்வீடிஷ் வேண்டும், ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் சில பள்ளிகள் தவிர பள்ளி வேலைக்கும் வேண்டும். எஸ்எஃப்ஐ என்று அரசு நடத்தும் ஸ்வீடிஷ் வகுப்பு இலவசம். எண் வந்த வாரமே சேர்ந்துவிடுங்கள். நீங்கள் படிக்கும் நேரத்துக்குக் குழந்தைக்கு ஃபோர்ஸ்கூலாவில், அதாவது பாலர் பள்ளியில், இடம் கிடைக்கும். ஒரு வயதிலிருந்தே சேர்ப்பார்கள், கட்டணத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

அந்தப் பாலர் பள்ளிதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. முதல் இரண்டு வாரம் நானும் மகளோடு உட்கார வேண்டும், பழக்குவதற்காக. வெளியே ஜில்லென்று மழை. டீச்சர் பதினைந்து பிள்ளைகளுக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டி, கால்களை ஒவ்வொன்றாகப் பூட்ஸுக்குள் திணித்து, வெளியே அனுப்பினார். சளி பிடிக்குமே என்று நான் பதறினேன். மகள் சேற்றில் சப்பென்று உட்கார்ந்து, கையால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, "இட்லி" என்று என்னிடம் நீட்டினாள். ஊரை விட்டு வந்த பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு வருடம் மொழி படித்து, அதன்பின் பயிற்சியும் முடித்து, இன்று அப்படி ஒரு பாலர் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். வேதியியல் போனதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

குழந்தைக்குத் தமிழ் மறந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒரு நகராட்சியில் குறைந்தது ஐந்து பிள்ளைகளும் தகுந்த ஆசிரியரும் இருந்தால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்பது அங்கே விதி. என் மகள் வாரம் ஒரு நாள் பள்ளி வழியாகவே தமிழ் படிக்கிறாள்.

குளிர் ஜாக்கெட்டுக்கு ஊரில் பணத்தைக் கொட்டாதீர்கள், அங்கே பழைய துணிக் கடைகளிலேயே நல்லது கிடைக்கும். மிக்ஸியை மட்டும் கட்டாயம் கொண்டு போங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும். தோசை மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரிய விடுங்கள், விடிவதற்குள் பொங்கிவிடும்.

பள்ளியில் ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால், சம்பளமில்லா விடுப்பு ஒரு வருடம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். நான் அதைக் கேட்கவே இல்லை.