ஸ்வே, வேபார் பயன்படுத்தும்போது பணிவெளிகளின் வரிசையையும் மாறும் முறையையும் சீராக்குவது எப்படி?

லினக்ஸில் சாளரங்களை நிர்வகிக்கும் ஸ்வேயில் பணிவெளிகளுக்குத் (வொர்க்ஸ்பேஸ்) தமிழில் பெயர் வைத்த பிறகு அவை நிலைப்பட்டையில் இடம் மாறி நிற்கின்றன என்றும், அதைச் சரிசெய்ய, அந்தப் பட்டையைக் காட்டும் வேபாரில் அகரவரிசை விருப்பத்தை இயக்கியதும் ‘அடுத்தது’ விசை பட்டையில் பக்கத்தில் உள்ள பெயருக்குப் போகாமல் வேறெங்கோ தாவுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தீர்வு வேபாரில் இல்லை, ஸ்வேயில் பெயர் வைக்கும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஸ்வே, எண்ணில் தொடங்கும் பெயர்களை அந்த எண்ணின்படி வரிசைப்படுத்துகிறது. எண் இல்லாத பெயர்களை அவற்றுக்குப் பின்னால், அவை உருவான ஒழுங்கிலேயே விட்டுவிடுகிறது. காலையில் எதை முதலில் திறந்தீர்களோ அதைப் பொறுத்து வரிசை மாறுவது இதனால்தான். வேபாரின் ‘ஆல்ஃபபெட்டிக்கல் சார்ட்’ பட்டையில் தெரியும் ஒழுங்கை மட்டுமே மாற்றுகிறது. ‘அடுத்தது’ என்ற கட்டளையை நிறைவேற்றும் ஸ்வேக்கு அது தெரியாது. வேபாரின் கையேடே இந்த முரண்பாட்டைக் குறிப்பிடுகிறது. மேலும், எழுத்துகளை அவற்றின் குறியெண்படி ஒப்பிடும்போது யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தும் ‘ற’ என்பது ‘ர’வை அடுத்தும் வருவதால், கிடைப்பது நம் அகரவரிசையும் அன்று.

ஆகவே அந்த விருப்பத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எண்ணும் முக்காற்புள்ளியும் இடுங்கள். மன்னார்குடிப் பக்கம் நான் நடத்தும் இணையச் சேவை மையத்தில் ‘1:ஸ்கேன்’, ‘2:பதிவு’, ‘3:தட்டச்சு’, ‘4:கணக்கு’ என்று வைத்திருக்கிறேன். எண்ணை 1, 2 என்றே எழுத வேண்டும். ௧, ௨ என்று தமிழ் எண்களில் எழுதினால் ஸ்வே அவற்றை எண்ணாகக் கொள்ளாது. வேபாரின் வடிவமைப்பில் ‘நேம்’ என்ற குறியைக் கொடுத்தால் எண் மறைந்து தமிழ்ப் பெயர் மட்டும் தெரியும். ‘வேல்யூ’ என்று கொடுத்தால் முழுப் பெயரும் தெரியும். (கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.) விசைகளுக்கு வெறும் ‘வொர்க்ஸ்பேஸ் நம்பர் 2’ என்று எழுதாமல் ‘வொர்க்ஸ்பேஸ் நம்பர் 2:பதிவு’ என்று எழுதுங்கள். அந்த எண்ணில் பணிவெளி இருந்தால் அதற்குப் போகும். இல்லையென்றால் சரியான பெயரோடு புதிதாக உருவாகும்.

வரிசை நிலைத்தால் மட்டும் போதாது, இடமும் நிலைக்க வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் ஐப்பசி, கார்த்திகையில், அடங்கலும் சிட்டாவும் வங்கிப் புத்தகமும் கையில் பிடித்தபடி விவசாயிகள் வாசல்வரை நிற்கும்போது, பட்டையைப் படித்துப் பார்த்துப் பொத்தானைத் தேடுவதற்கு நேரம் இருக்காது. ஆனால் காலியான பணிவெளி மறைந்துபோவதால் மற்றவை இடப்பக்கம் நகர்ந்துவிடுகின்றன. வேபாரின் ‘பெர்சிஸ்டன்ட் வொர்க்ஸ்பேசஸ்’ பகுதியில் பெயர்களை எல்லாம் எழுதிவைத்தால் காலியானவையும் தம் இடத்தில் நிற்கும். அங்கே எழுதும் பெயரும் ஸ்வேயில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே எண்ணுக்கு இரண்டு பொத்தான்கள் முளைக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ‘கொ’வில் உள்ள ஒகரத்தை ஒற்றைக் குறியாகவும் இரு குறிகளைச் சேர்த்தும் உள்ளிட முடியும் என்பதால், பெயரைத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு. வேபாரின் பாணிக் கோப்பில் பொத்தான்களுக்கு ஒரே குறைந்தபட்ச அகலமும் கொடுத்துவிடுங்கள்.

இனி, மாறும் முறை. மவுஸ் சக்கரத்தால் பணிவெளி மாறுவதை வேபாரின் ‘டிசேபிள் ஸ்க்ரோல்’ கொண்டு நிறுத்திவிடுவதையே பரிந்துரைப்பேன். கை தவறிப் பட்டையின் மேல் உருட்டியதும் பாதி நிரப்பிய படிவம் கண்ணைவிட்டு மறைவதில் யாருக்கும் பயனில்லை. ‘அடுத்தது’, ‘முந்தையது’ விசைகளும் எனக்குத் தேவைப்படுவதில்லை. உண்மையில் உதவுவது ஸ்வேயின் ‘வொர்க்ஸ்பேஸ் ஆட்டோ பேக் அண்ட் ஃபோர்த்’ என்ற அமைப்பு. ஸ்கேன் செய்த அடங்கலில் உள்ள சர்வே எண்ணையும் பரப்பளவையும் பதிவுப் பக்கத்தோடு ஒப்பிடும்போது, ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி இரண்டுக்கும் இடையே போய்வரலாம். அதை இயக்கினால், நீங்கள் இப்போது இருக்கும் பணிவெளியையே பட்டையில் சொடுக்கும்போதும் பழையதற்குப் போய்விடும். அது பிடிக்காதவர்கள் வேபாரில் ‘டிசேபிள் ஆட்டோ பேக் அண்ட் ஃபோர்த்’ என்பதை இயக்கி, விசைப்பலகைக்கு மட்டும் அந்த வசதியை வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நெட் 99 போன்றதை விசைப்பலகை அமைப்பாகவே சேர்த்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தமிழ் அமைப்பில் இருக்கும்போது, ஆங்கில எழுத்துகளைக் கொண்டு அமைத்த குறுக்குவிசைகள் வேலை செய்யாமல் போகலாம். குறுக்குவிசைகளை அமைக்கும் ‘பைண்ட்சிம்’ கட்டளையோடு ‘டு கோட்’ விருப்பத்தைச் சேர்த்தால், முதலாவதாகக் குறிப்பிட்ட அமைப்பின்படி விசையின் இடத்தையே ஸ்வே பிடித்துக்கொள்ளும். அந்த முதல் அமைப்பு ஆங்கிலமாக இருக்கட்டும்.

இரண்டு திரைகள் இருந்தால் ஒவ்வொரு பணிவெளிக்கும் உரிய திரையை ஸ்வேயில் குறித்துவிடலாம். எதிரே அமர்ந்திருப்பவர் தம் பெயரையும் பரப்பையும் சரிபார்ப்பதற்காக ‘2:பதிவு’ எங்களிடம் எப்போதும் வெளித்திரையில்தான் திறக்கும். வேபாரில் ‘ஆல் அவுட்புட்ஸ்’ இயக்கினால் இரு பட்டைகளிலும் முழு வரிசை தெரியும். ஸ்வேக்குப் பதிலாக ஹைப்பர்லேண்ட் என்ற சாளர மேலாளரைப் பயன்படுத்துவோருக்கு, வேபாரில் அதற்குரிய பணிவெளித் தொகுதியில் ‘சார்ட் பை’ என்று தனி விருப்பமே உண்டு. ‘நம்பர்’ என்று கொடுக்கலாம்.

கோப்புகளை மாற்றி ஸ்வேயை மறுஏற்றம் செய்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் பணிவெளிகள் பழைய பெயரோடுதான் நிற்கும். அவற்றை ‘ரீநேம் வொர்க்ஸ்பேஸ்’ கட்டளையால் மாற்றுங்கள், அல்லது ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.