3413: ஒரு ஃபெராரியின் ஜாதகம்

கேள்வி: ஃபெராரி 250 ஜிடிஓ கார் ஒன்று 2018-ல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனதாகப் படித்தேன். அறுபது வருஷப் பழைய வண்டிக்கு இவ்வளவு விலையா? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: அந்த வண்டி யார் யார் கையில் இருந்தது, எந்தெந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதுதான் இருக்கிறது. நீங்கள் சொல்வது சேஸ் எண், அதாவது அடிச்சட்டத்தில் பொறித்த எண், 3413 ஜிடி. கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆர்.எம். சதபீஸ் ஏலத்தில் போனது. 1962-ல் தயாரான மூன்றாவது ஜிடிஓ இதுதான். முதலில் கம்பெனியே இதைச் சோதனை வண்டியாக வைத்துக்கொண்டது. சிசிலித் தீவின் மலைச் சாலைகளில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கான பயிற்சியில் ஃபில் ஹில் இதை ஓட்டிப் பார்த்தார். முந்தைய வருஷம்தான் அவர் ஃபெராரிக்காக ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆகியிருந்தார்.

அப்புறம் எடோர்டோ லுவால்டி-கபார்டி வாங்கினார். மலைப்பாதைப் பந்தயங்களில் கெட்டிக்காரர். அந்த ஒரே சீசனில் பத்துப் பந்தயங்களில் இறக்கி, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஜெயித்து, இத்தாலியின் ஜிடி (சாலைக் கார் வகை வண்டிகளுக்கான பந்தயப் பிரிவு) சாம்பியன் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அவரிடமிருந்து ரோம் நகரத்து நகைக்கடைக் குடும்பமான புல்காரியைச் சேர்ந்த ஜான்னி புல்காரிக்கு வந்தது. 1963 டார்கா ஃப்ளோரியோவில் வண்டி தன் பிரிவில் முதலிடம். அடுத்த உரிமையாளர் கொராடோ ஃபெர்லைனோ, நேப்பிள்ஸ்காரர். 1964-ல் அவரும் லூயிஜி தரமாட்சோவும் ஓட்டி அதே பந்தயத்தில் மறுபடியும் பிரிவு வெற்றி. ஃபெர்லைனோ என்ற பெயரைக் கால்பந்து ரசிகர்கள் எங்கோ கேட்டிருப்பார்கள்; பின்னாளில் நாப்போலி கிளப்பின் தலைவராகி, 1984-ல் மரடோனாவைக் கொண்டுவந்தவர் இவரேதான்.

உலக சாம்பியன் பழகிய ஸ்டீரிங், நகை வியாபாரி, மரடோனாவின் முதலாளி, இரண்டு டார்கா பிரிவு வெற்றிகள், இத்தனைக்கும் பெரிய விபத்தே கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் பிறந்தபோது இருந்தவையே. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. 2023 நவம்பரில் நியூயார்க்கில் இதன் நெருங்கிய உறவான 4 லிட்டர் இன்ஜின் வண்டி ஒன்று, 1962 நூர்பர்க்ரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தில் இரண்டாவது வந்தது, 5.17 கோடி டாலருக்குப் போய் அந்த விலையையும் தாண்டியது.

கேள்வி: அந்த 3413-க்கு 1964-ல் பாடியையே மாற்றிவிட்டார்களாமே? பாடி மாறிய பிறகும் அதை ‘ஒரிஜினல்’ என்பது எந்த ஊர் நியாயம்?

பதில்: நல்ல கேள்வி. பாடியை மாற்றினார்கள் என்பது உண்மைதான். 1964-க்காக ஃபெராரி தாழ்வான, அகலமான புது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த வடிவத்தில் புதிதாக மூன்று வண்டிகள் செய்தார்கள், பழைய வண்டிகளில் நான்குக்கு அதே பாடியை மாட்டிக் கொடுத்தார்கள். 3413 அந்த நான்கில் ஒன்று. வேலையைச் செய்தது ஸ்காலியெட்டி பட்டறை, மோடெனாவில். முதல் பாடியை அடித்ததும் அவர்களேதான்.

நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: பந்தயக் காலத்திலேயே, கம்பெனியின் ஆட்களே, பந்தயத்தில் ஜெயிப்பதற்காகச் செய்த மாற்றம் அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி. அதைக் கழற்றிவிட்டு 1962 முகத்தைத் திரும்ப வைத்தால்தான் பொய் ஆகும். நாற்பது வருஷம் கழித்து ஒரு பணக்காரர் அழகுக்காக மாற்றுவது வேறு கதை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ‘எல்லாம் பழைய சாமானா’ என்று மட்டும் கேட்பவர்கள் பந்தய வண்டி என்றால் என்ன என்பதையே விட்டுவிடுகிறார்கள். ஒரு சீசனில் எத்தனை தடவை மூக்கு நசுங்கும், கதவு போகும்! சேஸும் இன்ஜினும் ஆவணங்களும் அறுந்துபோகாமல் வந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

கேள்வி: நூறு கார் செய்தால்தான் ஜிடி பந்தயத்தில் ஓட்டலாம் என்று அப்போது விதி. ஃபெராரி செய்தது 36. எப்படி அனுமதித்தார்கள்?

பதில்: இது புது மாடல் இல்லை, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் 250 ஜிடி-யின் இன்னொரு வடிவம்தான் என்று என்ஸோ ஃபெராரி வாதாடினார், சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒத்துக்கொண்டது. அதன் தடயம் சேஸ் எண்ணிலேயே இருக்கிறது. ஃபெராரியில் அப்போது சாலை வண்டிக்கு ஒற்றைப்படை எண், பந்தய வண்டிக்கு இரட்டைப்படை. ஜிடிஓ முழுக்க முழுக்கப் பந்தயத்துக்காகப் பிறந்தது, ஆனால் 3413, 3505, 3589 என்று எல்லாமே ஒற்றைப்படை. பலன், 1962, 1963, 1964 மூன்று வருஷமும் பெரிய இன்ஜின் பிரிவின் ஜிடி பட்டம் ஃபெராரிக்கே.

கேள்வி: ஒரு ஜிடிஓ பள்ளிக்கூடத்தில் கிடந்ததாகச் சொல்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை இல்லை. சேஸ் எண் 3589 ஜிடி. 1962-ல் பிரிட்டனில் மைக் பார்க்ஸ் ஓட்டிய வண்டி. அங்கிருந்து அமெரிக்கா போய், டெக்சாஸில் ரோஸ்பட் ரேசிங் என்ற பந்தய அணிக்காக இன்னஸ் அயர்லாந்து என்ற பந்தய வீரர் ஓட்டினார். பந்தய வாழ்க்கை முடிந்ததும் அணியின் முதலாளி அதை விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் வேலை படிக்கும் பையன்கள் கழற்றி மாட்டிப் பழகுவதற்கு! 1972-ல் பள்ளி அதைச் சில ஆயிரம் டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹையோவில் ஒரு வெட்டவெளியில், டிரெய்லர் மேல் வைத்தபடியே பல வருஷம் விட்டுவைத்தார். மழை, பனி, சுற்றிலும் புல். 1980-களின் இறுதியில்தான் அதை மீட்டுச் சீர் செய்ய ஆள் வந்தார்.

இதைக் கேட்டு யாரையும் திட்டத் தோன்றவில்லை. அறுபதுகளின் கடைசியில் அது தோற்றுப்போன தலைமுறைப் பந்தய வண்டி, அவ்வளவுதான். புதிதாக விற்றபோதே அமெரிக்காவில் 18,000 டாலர். பந்தயத்துக்கு உதவாது என்று ஆனபின் அந்தப் பணம்கூடத் தேறாது.

அயர்லாந்து பெயர் வந்ததால் இன்னொன்று. 3505 ஜிடி என்ற வெளிர்பச்சை ஜிடிஓ ஸ்டிர்லிங் மாஸுக்காகவே செய்யப்பட்டது. 1962 ஏப்ரலில் இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் தான் ஓட்டிய லோட்டஸ் கார் விபத்துக்குள்ளாகி மாஸின் பந்தய வாழ்க்கையே முடிந்தது; அவர் அந்தப் பச்சை வண்டியைப் பந்தயத்தில் ஒருமுறைகூட ஓட்டவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில், அதே குட்வுட்டில், அதே வண்டியில் டூரிஸ்ட் டிராஃபியை வென்றவர் அயர்லாந்து. இந்த வரிகள் ஒரு வண்டியின் பதிவேட்டில் அடுத்தடுத்து இருப்பதைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

கேள்வி: எண் பொறித்த தகடு ஒன்றை மாட்டிவிட்டால் எந்த வண்டியையும் ஜிடிஓ ஆக்கிவிடலாமே?

பதில்: முயற்சி செய்தவர்கள் உண்டு. 250 ஜிடிஈ என்ற நாலு சீட் ஃபெராரியிலும் அதே 3 லிட்டர் வி12 குடும்பத்து இன்ஜின்தான். அதன் மேல் ஜிடிஓ பாடியை ஏற்றிய நகல்கள் நிறைய. ஆனால் தகடு மட்டும் சாட்சி இல்லை. சேஸ் குழாயிலேயே எண் அடித்திருக்கும், இன்ஜினுக்குத் தனி எண், மரனெல்லோ தொழிற்சாலையில் வண்டியைப் பூட்டியபோது எழுதிய தாள்கள், பந்தயத்தில் பெயர் கொடுத்த படிவங்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாட்சி பழைய புகைப்படம். அலுமினியத்தைக் கையால் தட்டிச் செய்ததால் ஒரு வண்டியின் காற்றுத் துளைகளும் ரிவெட் வரிசையும் இன்னொன்றில் அப்படியே இருக்காது. ஏலத்துக்கு முன் வரலாற்றாளர்கள் பூதக்கண்ணாடியோடு உட்காருவது இதற்காகத்தான்.

கேள்வி: இப்படிப்பட்ட வண்டிகளை இன்னும் பந்தயத்தில் ஓட்டுவது சரியா? மியூசியத்தில் வைக்கக் கூடாதா?

பதில்: ஓட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1970-களில் ஒரு ஜிடிஓ வாங்கினார். 1962 லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாவது வந்த வண்டி. விலை எகிறியபோதும் விற்கவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. பந்தயத் தடத்தில் ஓட்டினார். கீறல் விழும், சரி, அலுமினியத் தகடு தட்டிச் சீராக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடாமல் நிற்கும் இன்ஜினில் சீல்கள் காய்ந்து, கார்புரேட்டர்கள் அடைத்து, கடைசியில் அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லவே ஆள் இல்லாமல் போகும்.

கேள்வி: இதன் ஸ்பீடோமீட்டரில் அதிகபட்சம் எவ்வளவு காட்டும்?

பதில்: ஸ்பீடோமீட்டரே கிடையாது. வண்டி மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போகும், ஆனால் ஓட்டுபவருக்குத் தேவை இன்ஜின் சுற்று காட்டும் டேக்கோமீட்டர் மட்டும்தான், அதைத்தான் வைத்தார்கள்.