மறுப்பவர் திமிர் பிடித்தவரா?

கேள்வி: குடம் உண்டென்றால் குயவன் உண்டு, உலகம் உண்டென்றால் அதைச் செய்த சிவன் உண்டு. இவ்வளவு தெளிவான உண்மையை மறுப்பவர்களிடம் இருப்பது அறிவா, திமிரா?

பதில்: நானும் திருநீறு பூசுகிறவன்தான், ஆயினும் உங்கள் கேள்வியின் கடைசிச் சொல் என்னை வருத்துகிறது. 'அவன், அவள், அது' என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கொரு முதல்வன் உண்டு என்று 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் நிறுவினார். அது ஆழ்ந்த வாதம். குடத்தைக் காட்டியவுடன் முடிந்துவிடும் வாதமன்று.

புற்றும் மண்ணால் ஆன உருவம்தானே, அதையும் குயவன் வனைந்தான் என்பீர்களா என்று பௌத்தரான தருமகீர்த்தி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கேட்டுவிட்டார். குயவன் வனைவதைக் கண்டிருப்பதால்தான் குடத்தைப் பார்த்ததும் அவனை நினைக்கிறோம். உலகம் வனையப்பட்டதைக் கண்டவர் எவருமில்லை. வேதத்தைப் பிரமாணமாக ஏற்று, வேள்வியைக் கடமையாகக் கொண்ட குமாரில பட்டர்கூடப் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. படைப்புக்கு முன் உயிர்களே இல்லையென்றால் யார்மீது இரங்கிப் படைத்தான், இரங்கித்தான் படைத்தான் என்றால் துன்பத்தை ஏன் சேர்த்தான் என்று அவர் கேட்டார். உயிர்கள் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை, என்பது நம் கொள்கை என்பதால் முதற்கேள்வி சைவத்தைத் தீண்டாது. இரண்டாவதற்கு நாம் வினையைக் காட்டுவோம். அவை கேள்விக்கு விடைகள். கேட்டவர்மீது பழி சுமத்த அவற்றில் இடமில்லை.

நம் காலத்தில், கனடாவின் தத்துவ அறிஞர் ஷெல்லன்பெர்க் 1993இல் வெளியிட்ட நூலில், அன்பே உருவான கடவுள் இருந்தால், மனம் திறந்து தேடியும் அவரைக் காணாதவர்கள் இருக்கக்கூடாதே என்று வாதிட்டார். இதற்குச் சைவர் சொல்லக்கூடிய விடை, சிவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, உயிர் பக்குவப்படும்வரை தன்னை மறைத்து நிற்பதும் அவன் செயலே என்பதுதான். அப்படியானால், அவனே மறைந்து நிற்கும்போது 'நான் காணவில்லை' என்று உண்மையைச் சொல்பவர்மீது நீங்கள் எந்தக் குற்றத்தைச் சாட்டுகிறீர்கள்?

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தில், கண்ணால் காண்பதையே ஏற்கும் உலகாயதன் தொடங்கி 14 மதத்தாரை மறுத்தார். குமாரிலரின் வழிவந்த பட்டாசாரியனும், கடவுளை ஏற்காத நிரீச்சுர சாங்கியனும் அவர்களில் உண்டு. ஒவ்வொருவருடைய மதத்தையும் அவரவர் வாதத்தோடு முதலில் எடுத்துரைத்து, அதன் பிறகே மறுதலையைத் தொடங்கினார். உங்கள் கடிதத்தில் அந்த முதற்பகுதி இல்லை.