மகள் காமெடி நடிகை ஆக வேண்டும் என்கிறாள்: காரைக்குடி அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ எழுதப்போகும் மகள் "ஹீரோயின் எல்லாம் வேண்டாம், காமெடி நடிகை ஆகணும்" என்று சொன்னதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஒரு தொழிலா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா, பெண்பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பதிலைத் தேடி நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து ஊர் பள்ளத்தூரிலேயே அது இருக்கிறது.

மன்னார்குடியில் 1937-இல் பிறந்த கோபிசாந்தா அம்மாவோடு வந்து வளர்ந்த ஊர் அது. அம்மா வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சுமார் 12 வயதில் அந்தப் பெண் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார். கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் முதல் நகைச்சுவை வேடம் கிடைத்தது 1958-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா முன்னால் நிற்பதற்கு முன் ஏறக்குறைய ஒன்பது வருடம் மேடை. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து கின்னஸில் இடம் பிடித்ததையும் 2002-இல் பத்மஸ்ரீ வாங்கியதையும் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது அந்த ஒன்பது வருடத்தைத்தான்.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் அவர் கதாநாயகியாகவே நடித்தார். ஆனாலும் நகைச்சுவைப் பக்கமே நின்றார். அந்த நாளில் அதைச் சறுக்கல் என்றுகூடப் பலர் நினைத்திருக்கலாம். தொழில் கணக்கில் அது மிகச் சரியான முடிவு. கதாநாயகிக்கு மார்க்கெட் சில வருடம். நகைச்சுவை நடிகைக்கு வயது ஏற ஏற வேடம் மாறுமே தவிர வேலை நிற்காது. தோழி, வேலைக்காரி, அக்கா, மாமியார், பாட்டி என்று வரிசையாக வேடங்கள் காத்திருக்கும். 1988-இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' வந்தபோது மனோரமாவுக்கு வயது 51. படத்தின் பெயரிலேயே அவர் வேடம் இருந்தது. அடுத்த வருடம் வந்த 'புதிய பாதை'க்குத் தேசிய விருது கிடைத்தது, சிறந்த துணை நடிகை என்று.

இதே பாதையை வேறு விதமாக நடந்தவர்களும் உண்டு. ஊர்வசி 1983-இல் 'முந்தானை முடிச்சு' நாயகியாக வந்து நகைச்சுவையிலும் குணச்சித்திரத்திலும் காலூன்றினார். கோவை சரளா கொங்குப் பேச்சையே தன் அடையாளமாக்கி 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசனுக்கு ஜோடியாக நடித்தார். 2022-இல் 'செம்பி'யில் சிரிப்பே இல்லாத கனமான வேடத்தையும் தாங்கினார். சிரிக்க வைக்கத் தெரிந்தவரால் அழ வைக்கவும் முடியும். அழ மட்டுமே தெரிந்தவருக்கு நகைச்சுவை அவ்வளவு சுலபத்தில் கைகூடுவதில்லை. உங்கள் மகள் கேட்பது நடிப்பின் கடினமான பாடத்தை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் என்கிறோமே, அதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரே ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம். மருமகள் வைத்த சாம்பாரைப் பற்றி மாமியார் சொல்கிறார்: "உப்பு இல்ல, புளி இல்ல, பருப்பும் இல்ல. ஒரு முடி மட்டும் இருந்துச்சு." சிரிப்பு விழும் இடம் 'முடி'. அதற்கு முந்தைய மூன்று 'இல்ல'வும் ஒரே வேகத்தில், ஒரே குரலில் வர வேண்டும். மூன்றாவதற்குப் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்த வேண்டும். பிறகு 'ஒரு முடி' என்பதைக் குரலை ஏற்றாமல், சாதாரண புகாராகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மூன்று இடத்தில் தடுக்குகிறார்கள். இரண்டாவது 'இல்ல'விலேயே தாங்களே சிரித்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துபோகும். 'முடி'யைக் கத்திச் சொல்வார்கள். சிரிப்பு வராது, எரிச்சல் வரும். அல்லது சிரிப்பு எழும்போதே அடுத்த வசனத்தைத் தொடங்கிவிடுவார்கள், இரண்டுமே கேட்காது. மேடையில் சிரிப்பு உச்சிக்குப் போய்ப் பாதி இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். படப்பிடிப்பிலோ சிரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். வசனம் முடிந்ததும் முகத்தைத் தளர்த்திவிடாமல் 'கட்' சொல்லும்வரை அதே புகாரோடு நிற்க வேண்டும். அந்த இரண்டு விநாடி இல்லாவிட்டால் எடிட்டருக்கு வெட்ட இடமிருக்காது.

இந்தக் காத்திருப்பைக் கூட்டத்தின் முன்னால் நின்றுதான் பழக முடியும். கண்ணாடியோ செல்போனோ கற்றுத்தராது. ரீல்ஸில் வேறொருவர் குரலுக்கு வாயசைத்து வாங்கும் லைக்குகளை உங்கள் மகள் பயிற்சி என்று நம்பிவிடக் கூடாது. அதில் எங்கே நிறுத்துவது, எப்போது சொல்வது என்ற கணக்கு அந்தக் குரலுக்குச் சொந்தக்காரருடையது.

இரண்டாவது பாடம் வட்டார வழக்கு. மனோரமா 'தில்லானா மோகனாம்பா'ளில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி. அதே 1968-இல் 'பொம்மலாட்டம்' படத்துக்காகச் சென்னைப் பேச்சிலேயே பாடினார். கேட்டவர்கள் மெட்ராஸ்காரி என்றுதான் நினைப்பார்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட நெல்லையில் 'ஏட்டி', கொங்கில் 'ஏனுங்க அம்மிணி', வடசென்னையில் 'இன்னாமே'. சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, மெட்டும் மாற வேண்டும். ஒரு வழக்குக்கு மூன்று மாதம் ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரப் பெண் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு 20 நிமிடப் பேச்சைப் பதிவு செய்து, பேசியபடியே எழுதி, தினமும் அரை மணி நேரம் கூடவே பேசிப் பார்க்க வேண்டும். கடைசியில் அந்த ஊர்க்காரர் மூன்று பேரிடம் பேசிக் காட்டி, எந்தச் சொல்லில் பிசகியது என்று கேட்க வேண்டும். வருடத்துக்கு மூன்று வழக்கு தேறினாலே பெரிய விஷயம். செட்டிநாட்டுப் பேச்சு வீட்டிலேயே இருக்கிறது, அதை மறக்கவிடாதீர்கள். பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருதி பிடித்துப் பாடத் தெரிந்த நகைச்சுவை நடிகைக்கு இரண்டு மடங்கு வாய்ப்பு.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சினிமாவுக்கு அனுப்புவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். காரணம் சான்றிதழ் மோகம் இல்லை. நல்ல நாடகப் பயிற்சிக்கான கதவுகள் பட்டத்துக்குப் பிறகே திறக்கின்றன. டில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி மூன்று வருடப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. அங்கே விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியின் இரண்டு வருட நடிப்புப் பயிற்சிக்கும் பட்டம் தேவை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளியில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் ஊர் அழகப்பா அரசு கலைக் கல்லூரியிலோ மதுரையிலோ மூன்று வருடம் ஏதாவது ஒரு பட்டம். தமிழ் இலக்கியம் எடுத்தால் வசனத்துக்கு உதவும், வணிகவியல் எடுத்தால் பின்னால் பணக் கணக்குக்கு உதவும். வருடத்துக்கு இரண்டு நாடகம் வீதம் மூன்று வருடத்தில் ஆறு. ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ், புகைப்படம், இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். கேட்கும் நாளில் தேடினால் கிடைக்காது. பட்டம் முடிந்து சென்னைதான் வேண்டும் என்றால், 1977-இல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்கள் இருக்கின்றன. நடிகர் பசுபதியும் நடிகை கலைராணியும் அங்கிருந்து வந்தவர்கள்.

'மூன்றே மாதத்தில் நடிப்பு' என்று விளம்பரம் செய்யும் இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். யார் சொல்லித்தருகிறார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், முடிவில் வெளி ஆட்கள் முன்னால் நாடகம் போடுவார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள்.

ஆடிஷன் வீடியோ அனுப்பும் நாள் வரும்போது அவளுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்: ஒரே நிறச் சுவர், முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சம், கண் உயரத்தில் செல்போன், காலர் மைக். மின்விசிறியை நிறுத்த வேண்டும். அந்த இரைச்சலிலேயே பாதி வீடியோக்கள் கெடுகின்றன. முதலில் பெயர், உயரம், ஊர், தெரிந்த மொழிகளும் வழக்குகளும். பிறகு இரண்டு வேடம், ஒவ்வொன்றும் 45 விநாடி. ஒன்று சிரிப்பு, ஒன்று அழுத்தமானது. பிரபல நடிகையைப் போல மிமிக்ரி செய்து அனுப்பக் கூடாது. அந்த நடிகையே இருக்கும்போது நகலை யாரும் தேட மாட்டார்கள்.

ஆடிஷனுக்கு யாராவது பணம் கேட்டால் அது ஆடிஷன் இல்லை. 'கோஆர்டினேட்டர் கட்டணம்', 'போட்டோ ஷூட் கட்டணம்', 'யூனியன் கார்டு வாங்கித் தருகிறேன்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும்.

வருமானத்தைப் பற்றி நேராகச் சொல்கிறோம். முதல் சில வருடங்களில் மாதச் சம்பளம்போல எதுவும் வராது. ஒரு மாதம் ஆறு நாள் வேலை, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமில்லை என்று போகும். சின்ன வேடங்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில் சம்பளம். சீரியலில் அந்தப் பணம் கைக்கு வரவே பல வாரம் ஆகலாம். அதனால் சென்னைக்கு அனுப்பும் முன் ஒரு வருட வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் தனியாக இருக்க வேண்டும். கூடவே டப்பிங், விளம்பரக் குரல், பள்ளிகளில் நாடகப் பயிற்சி என்று ஒரு கைத்தொழில். டப்பிங்குக்கு யூனியன் உறுப்பினர் அட்டை தேவைப்படும். எந்த வேடமானாலும் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, பேட்டா (தினப்படி), பயணம், தங்குமிடம், அட்வான்ஸ், டப்பிங் நாட்கள் எல்லாவற்றையும் குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டும். டப்பிங் முடிவதற்குள் பாக்கியை வாங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு போனை எடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது. சம்பளத்தில் பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பான் எண் கொடுத்து வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்தால் வரி வரம்புக்குள் இருப்பவருக்கு அது திரும்பி வரும்.

பெண்பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்ற மூன்றாவது கேள்வியைத்தான் நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. 18 வயது நிறையும்வரை அவள் எதிலும் கையெழுத்திடக் கூடாது. மைனர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆடிஷன் என்றால் பகலில், அலுவலகத்தில், கூட ஒருவரோடு. ஓட்டல் அறை, இரவு நேரம், 'தனியாக வா' என்ற மூன்றில் ஒன்று வந்தாலும் போகக் கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், படப்பிடிப்பு நிறுவனம் உட்பட, பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். 10 பேர் என்ற கணக்கையும் மூன்று மாதக் கெடுவையும் அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

சட்டத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. நகைச்சுவை நடிகையின் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்தே காட்சி எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. எந்தக் கேலிக்கு நடிப்பாள், எதற்கு மாட்டாள் என்பதை அவள் வீட்டில் இருக்கும்போதே நிதானமாக முடிவு செய்து எழுதி வைக்கட்டும். லைட் போட்டு, எல்லோரும் காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த முடிவை எடுக்க முடியாது. "நாடகக்காரி" என்று ஊர் இழிவாகப் பேசுமே என்ற உங்கள் பயமும் நமக்குத் தெரிந்ததுதான். ஊர் அப்படிப் பேசிய காலத்திலேயே ஒரு தாய் பள்ளத்தூரில் தன் மகளை மேடைக்கு அனுப்பினார்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. பொதுத்தேர்வு முடியட்டும், அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் உங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். தனித்தனியாகப் பேசி அமர்த்திய கலைஞர்கள், சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே அன்றிரவு மேடையில் சந்தித்து, பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடிப்பார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். கோமாளியாக வரும் பபூனும் டான்ஸ்காரியும் பேசும்போது எந்தச் சொல்லில் கூட்டம் சிரித்தது, எதில் சிரிக்கவில்லை, சிரிக்காதபோது அந்தப் பெண் என்ன செய்து சமாளித்தார் என்று அவள் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். விடியற்காலையில் பாதிக் கூட்டம் தூங்கிப்போன பிறகும் மேடையில் இருப்பவர்கள் எப்படி நடிக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டே வாருங்கள். மறுநாள் அவள் தூங்கி எழுந்த பிறகு, இன்னும் இதுதான் வேண்டுமா என்று கேளுங்கள்.